நூன் ரிப்போர்ட் அனுப்பிய தங்கச்சிக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பந்தல் இன்னும் பிரிக்கவில்லை, வாடகை நாற்காலி எடுக்க ஆள் வரவில்லை, அம்மா இப்போதுதான் கொஞ்சம் கண் அசந்திருக்கிறார். நாலைந்து நாள் போகட்டும், நிதானமாக எழுதலாம் என்று தம்பி சொன்னான். நிதானம் வந்துவிட்டால் "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். உங்களில் பாதிப் பேர் எங்களோடு சேர்ந்து ராத்திரி முழுக்க போன் போட்டவர்கள், மீதிப் பேர் செபமாலை சொன்னவர்கள். அதனால் எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு ஆச்சு என்று மறுபடி ஆரம்பிக்கப் போவதில்லை. கப்பல் வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோய், தென்னாப்பிரிக்காவில் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் கப்பலை விட்டு இறக்கிய அப்பாவை டர்பன், தோஹா, திருவனந்தபுரம் என்று கொண்டுவந்து, தூத்துக்குடியில் அவருடைய அப்பா அம்மா பக்கத்திலேயே படுக்க வைத்துவிட்டோம்.

இதில் முதல் நன்றி டர்பனில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு. இந்த ஊரில் யாருக்கும் அவளைத் தெரியாது, நாங்களே இன்னும் நேரில் பார்த்ததில்லை. அவள் செய்ததைச் சொன்னால் "இவ்வளவுதானா" என்று சிலருக்குத் தோன்றலாம். எங்கள் வீட்டில் அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கப்பலில் தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கம்பெனிக்கு ஒரு தகவல் போகும். நூன் ரிப்போர்ட் என்பார்கள். கப்பல் இப்போது எங்கே இருக்கிறது, நேற்று மதியத்திலிருந்து எத்தனை கடல் மைல் ஓடியிருக்கிறது, காற்று எப்படி, அலை எப்படி, எண்ணெய் எவ்வளவு மிச்சம், அடுத்த துறைமுகத்துக்கு எப்போது போய்ச் சேரும், எல்லாம் அதில் இருக்கும். அனுப்புவது கேப்டனின் பொறுப்பு. அப்பா போசன். டெக்கில் வேலை செய்கிற ஆட்களுக்குத் தலைவர், பழைய ஆட்கள் சாரங் என்று சொல்வார்களே அந்த வேலை. கயிறு, நங்கூரம், துரு, பெயின்ட், இவைதான் அவர் ராஜ்யம், நூன் ரிப்போர்ட்டில் அவருக்கு எந்தப் பங்கும் கிடையாது. ஆனால் அந்த வார்த்தை மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், வீட்டுக்கு எழுதும் கடிதம் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். "இடம்: சிங்கப்பூர் தாண்டி, தென்சீனக் கடல். காற்று: பரவாயில்லை. சாப்பாடு: சமையல்காரன் மோசம். மிச்சம்: சோப்பு ரெண்டு, ஊறுகாய் பாதி பாட்டில். வீடு வந்து சேரும் நாள்: மாதாவுக்குத்தான் தெரியும்."

அப்புறம் சேட்டிலைட் போன் வந்தது. நிமிஷத்துக்கு டாலர் கணக்கில் காசு. அதனால் போன் வந்தால் அழவோ கொஞ்சவோ நேரம் கிடையாது, நாங்கள் வரிசையில் நின்று ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். நான்: ஏழாம் வகுப்பு, கணக்கில் 62, மழை இல்லை, சைக்கிள் பஞ்சர். தம்பி: காய்ச்சல் விட்டுவிட்டது, பென்சில் தொலைந்துவிட்டது. கடைசியில் அம்மா. முதலில் "இது என்ன கூத்து" என்று போனை வாங்கவே மாட்டேன் என்றவர், போகப் போக எங்களைவிடக் கச்சிதமாகச் சொல்லக் கற்றுக்கொண்டார். அரிசி எத்தனை கிலோ, கேஸ் எத்தனை நாள் வரும், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, மாமியார் முகம் எப்படி இருக்கிறது வரைக்கும். கப்பலில் இருப்பவன் குடும்பஸ்தனாக இருக்க முடியாது என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் தினமும் சாயங்காலம் வீடு திரும்பிய அப்பாக்களில் பலருக்குப் பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறது என்று தெரியாது. என் அப்பாவுக்குப் பிரேசிலில் இருந்துகொண்டு என் ஸ்கூல் பென்சில் விலை தெரியும்.

அவருடைய கடல் நம் பழைய துறைமுகத்தில் தொடங்கியது. தாத்தா தண்டலாக, அதாவது தோணியை நடத்துகிற தலைவராக, இருந்த தோணியில் அடுப்படி வேலைக்கு ஏறினார், சின்னப் பையன் தோணியில் ஏறினால் முதலில் அதுதான். கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் வெங்காயமும் பருப்பும் ஓடும் ஏற்றிக்கொண்டு போன தோணிகள். கச்சான் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் தோணி ஓடாது, கரையில் கிடக்கும். "அந்த மாதங்களில்தான் தோணிப் பாய் தைக்கவும் கயிறு பின்னவும் படித்தேன், சம்பளம் இல்லாத காலேஜ்" என்பார். 1986இல் சி.டி.சி. புத்தகம், கப்பல்காரருக்கான அடையாளப் பதிவுப் புத்தகம், கையில் வந்தது. பம்பாயில் ஏஜென்ட் ஆபீஸ் வாசல்களில் காத்துக் கிடந்து, ஓ.எஸ். என்கிற கடைநிலை டெக் ஆள் ஆகி, ஏ.பி. என்கிற தேர்ந்த டெக் ஆள் ஆகி, போசன் ஆனார். சரக்குக் கப்பல்களிலேயே காலம் போயிற்று.

ஊருக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குவார். பெட்டியில் கோடாலித் தைலம், நிவியா டப்பா, ஒரு கம்பளிப் போர்வை (தூத்துக்குடி வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை). இருக்கிற இரண்டு மூன்று மாதமும் கை சும்மா இருக்காது. காம்பவுண்ட் கேட்டைச் சுத்தியலால் தட்டித் துரு எடுத்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, பனிமய மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் முடித்துவிடுவார். கடலும் ஓயாது துருவும் ஓயாது என்று அவர் சொல்லிக்கொண்டே தட்டும் சத்தத்தில் தெருவே எழுந்துவிடும். ஸ்கூல் நாட்களில் எனக்குத் தலை பின்னிவிடுவார், நாலு புரி, கயிறு முறுக்கிய கை, சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது, ஆனால் தலை வலி உயிர் போகும். கப்பலைக் கட்டும் கயிறு இறுகி அறுந்தால் அடிக்கிற அடியில் ஆள் பிழைக்க மாட்டான், அதனால் இறுகுகிற கயிற்றுக்கு நேரே நிற்கக் கூடாது என்று டெக்கில் முதலில் சொல்லிக் கொடுப்பார்களாம். வீட்டில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் பேச்சு முற்றினால் அப்பா எங்கள் இருவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "கயிறு இறுகுது, தள்ளி நில்லுங்க" என்பார்.

2020இல் கொரோனா வந்தபோது உலகம் முழுக்க சுமார் நாலு லட்சம் கப்பல்காரர்கள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டார்களே, அதில் அவரும் ஒருவர். என் மகள் பிறந்தது அப்போதுதான். அவளை ஒரு வயது தாண்டித்தான் கையில் வாங்கினார். நாங்கள் போனில் அழுதால், "கொரோனா கரையில இருக்கு, நான் கடல்ல இருக்கேன், பத்திரமா இருக்கிறது நான்தான், நீங்க ரிப்போர்ட் கொடுங்க" என்றார். குழந்தையின் எடை, எத்தனை தடவை பால் குடித்தது, எத்தனை துணி நனைத்தது என்று தினமும் அனுப்பினேன். அந்த எண்களை எல்லாம் ஒரு டைரியில் எழுதி வைத்திருந்திருக்கிறார். டைரி இப்போது வந்த பெட்டியில் இருந்தது.

சரி, டர்பனுக்கு வருகிறேன்.

செய்தி வந்த அன்று கம்பெனி பேசியது, கேப்டன் பேசினார், ஏஜென்ட் பேசினார். எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். ஆனால் பேசி முடித்ததும் ஒரு அமைதி வந்ததே, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அப்பா எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கடலில் இருக்கும்போது போனில் கப்பல் பெயரைப் போட்டால் வரைபடத்தில் புள்ளி தெரியும். அம்மா தூங்கப் போகும்முன் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் போவார். இப்போது கப்பல் நிலக்கரி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது, புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தது, அப்பா அதில் இல்லை. அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு "இப்ப எங்க வச்சிருக்காங்க, எந்த ரூம்ல" என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தார். எங்களிடம் பதில் இல்லை.

அடுத்த நாள் நம் நேரம் மூன்றரைக்கு, அதாவது அங்கே மதியம் பன்னிரண்டுக்கு, தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை அம்மாவுக்கு நான் படித்துச் சொன்னபடி இங்கே எழுதுகிறேன்.

"மதியம் 12.00. இடம்: ரிச்சர்ட்ஸ் பே, மருத்துவமனைப் பிணவறை. வானிலை: மேகமூட்டம், லேசான காற்று. மீதமுள்ளவை: இறப்புச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்தியதற்கான எம்பாமிங் சான்றிதழ், டர்பன் இந்தியத் துணைத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று, பாஸ்போர்ட் ரத்து, விமானச் சரக்குப் பதிவு. புறப்படும் நாள்: எனக்கு இன்னும் தெரியாது, தெரியாததைத் தெரிந்ததுபோல எழுத மாட்டேன். நாளை இதே நேரம்."

அம்மா என்னை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மதியம்கூட அவள் தவறவில்லை. "ஓடிய தூரம்: சாலை வழியாக சுமார் 180 கிலோமீட்டர். இடம்: டர்பன். வண்டி மெதுவாகத்தான் வந்தது, நான் கேட்டுக்கொண்டபடி." "மீதமுள்ளவை: மூன்று. ஒரு கையெழுத்துக்குக் காத்திருக்கிறோம்." எங்கள் வீடு அந்த நாட்களில் மூன்றரை மணியைச் சுற்றித்தான் நடந்தது. சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, எல்லோரும் மூன்றேகாலுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் இருக்காது, இன்றைக்கு வராது என்று நானே சொல்லி வைத்திருந்தேன். வந்தது. "இடம்: மாற்றமில்லை. வானிலை: மழை. மீதமுள்ளவை: மாற்றமில்லை, இன்று எல்லா அலுவலகமும் விடுமுறை. காலையில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காவலாளி இருக்கிறார், குளிர்சாதனம் ஓடுகிறது, மின்வெட்டு இல்லை."

"ஞாயித்துக்கிழமையும் போயிருக்கு பாரு அந்தப் பிள்ளை" என்றார் அம்மா. அன்று ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட்டார்.

அவளிடம் அப்பாவின் ரிப்போர்ட் கதையை யாரும் சொல்லியிருக்கவில்லை. நேற்றுத்தான் போன் போட்டு நானே கேட்டேன். ஆபீஸில் அவள் வேலையே வருகிற கப்பல்களின் நூன் ரிப்போர்ட்களைப் பார்த்துப் பதிவு செய்வதுதானாம். எங்களுக்கு ஆறுதலாக ஏதாவது எழுத வேண்டும் என்று உட்கார்ந்தாளாம், ஒரு வாக்கியமும் வரவில்லை, தெரிந்த ஒரே முறையில் எழுதிவிட்டாளாம். கம்பெனி அவளுக்கு இதைச் செய்யச் சொல்லவில்லை. சொந்த போன், சொந்த நேரம்.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். அவள் குடும்பம் மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் போன குடும்பம். எந்த ஊர் என்று வீட்டில் இப்போது யாருக்கும் தெரியாது. தமிழ் பேச வராது, தைப்பூசத்துக்குக் காவடி மட்டும் தவறாமல் எடுக்கிறார்களாம். போன் வைத்தபிறகு நான் தேடிப் படித்தேன். முதல் கப்பல் ட்ரூரோ, மெட்ராஸிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் போய்ச் சேர்ந்திருக்கிறது, 342 பேர். அதிலிருந்து 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து டர்பன் இருக்கிற நேட்டால் பகுதிக்குப் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், பெயர், வயது, ஊர் என்று வெள்ளைக்காரன் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறான். ஆனால் இங்கே ஊரில் காத்திருந்த அம்மாவுக்கோ பெண்டாட்டிக்கோ கப்பலில் போனவன் கரை சேர்ந்தானா, உயிரோடு இருக்கிறானா என்று யார் எழுதிப் போட்டிருப்பார்கள்? எத்தனை வீட்டில் பதில் வராமலே செத்திருப்பார்கள்? அப்படிப் போன ஒரு குடும்பத்துப் பெண், எங்கள் அம்மாவுக்கு ஒரு மதியம் விடாமல் பதில் அனுப்பியிருக்கிறாள். இதற்கு நான் என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை, வைக்காமலே விட்டுவிடுகிறேன்.

கடைசி ரிப்போர்ட்டில் விமான எண், தோஹாவில் மாறும் நேரம், திருவனந்தபுரம் சேரும் நேரம், மூன்றும் இருந்தன. மீதமுள்ளவை என்ற இடத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தாள்.

மற்றவர்களுக்கு நன்றியை மொத்தமாகச் சொல்கிறேன், குறைத்து எண்ண வேண்டாம். அப்பாவின் கப்பலில் இருந்த எல்லா நாட்டுக்காரர்களுக்கும், முக்கியமாக அவர் சாமான்களை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு, துணியை மடித்து, மருமகளுக்கு வாங்கி வைத்திருந்த பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பிய, கப்பலில் பயிற்சிக்கு வந்திருந்த கேடட் பையன்களுக்கும். அவரோடு முன்னால் வேலை பார்த்து, எங்கெங்கோ கடலில் இருந்தபடி பணம் திரட்டி அனுப்பிய நண்பர்களுக்கும். தூதரகத்தில் ஆபீஸ் நேரம் தாண்டியும் கோப்பை மூடாமல் இருந்தவருக்கும். திருவனந்தபுரத்திலிருந்து வழியில் ஒரு டீக்குக்கூட நிறுத்தாமல் ஓட்டி வந்த, காசு வாங்க மாட்டேன் என்று சண்டை போட்ட ஆம்புலன்ஸ் அண்ணாச்சிக்கும். பங்குச் சாமிக்கும், ஒவ்வொரு சாயங்காலமும் வந்து செபமாலை சொன்ன தெருப் பெண்களுக்கும், எங்கள் அடுப்பை எரியவிடாமல் மூன்று வேளையும் தூக்குச்சட்டியில் கொண்டுவந்த வீடுகளுக்கும். பழைய துறைமுகத்திலிருந்து வெள்ளைச் சட்டை போட்டு வந்து பெட்டியைத் தோள் மாற்றாமல் தூக்கிய தோணிக்காரப் பெரியவர்களுக்கும். பெயர் போடாமல் அம்மா கணக்கில் பணம் போட்டவர்களுக்கும், யார் என்று பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிட்டோம், மறைக்க வேண்டாம்.

ஒரே ஒரு ஆபீஸில் அம்மாவை நேரில் வரச் சொல்லி, வந்தபிறகு நாளைக்கு வா என்றார்கள். எந்த ஆபீஸ் என்று எழுத விருப்பமில்லை. அங்கே வரிசையில் முன்னால் நின்ற ஒரு பெரியவர், தன் வேலையை விட்டுவிட்டு ஜன்னலில் போய் எங்களுக்காகச் சத்தம் போட்டார். ஐயா, நீங்கள் யாரென்று கேட்கக்கூட முடியவில்லை, உங்கள் சத்தத்தில்தான் அன்றைக்கே வேலை முடிந்தது.

நானும் தம்பியும் ஒன்று பேசி வைத்திருக்கிறோம். நம்மூரில் கப்பலுக்குப் போகிறவர் இல்லாத தெரு கிடையாது. எந்த வீட்டில் இப்படி ஒரு நிலைமை வந்தாலும், வரவே கூடாது, வந்தால் எங்களைக் கூப்பிடுங்கள். எந்தப் பேப்பர் எந்த மேஜையில் நிற்கும் என்று எங்களுக்கு இப்போது தெரியும். தினமும் மதியம் அந்த வீட்டுக்கு ஒரு ரிப்போர்ட் எழுதுவது என் பொறுப்பு, ஒன்றும் நகராத நாளிலும் எழுதுவேன். கூடவே ஒரு காரியம் இன்றைக்கே செய்துவிடுங்கள்: ஒப்பந்த நகல், சி.டி.சி. நகல், பாஸ்போர்ட் நகல், கம்பெனி நம்பர், கப்பலின் பெயர், இதெல்லாம் ஒரு ஃபைலில் வீட்டில் இருக்கட்டும். அப்பா வைத்துவிட்டுப் போயிருந்தார், அதனால்தான் முதல் நாளே வேலை தொடங்க முடிந்தது. வேலையில் இருக்கும்போது இறந்தால் அடக்கச் செலவு கப்பல் உரிமையாளருடையது என்று 2006ஆம் வருஷக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் இருக்கிறது, இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்ட நாடு. தெரியாமல் நகையை அடகு வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

டர்பன் தங்கச்சிக்கு என்ன அனுப்பலாம் என்று வீட்டில் ஒரு விவாதமே நடந்தது. அம்மா சேலை என்றார், தம்பி மக்ரூன் என்றான். மக்ரூன் வழியில் நொறுங்கிவிடும் என்று எல்லோரும் சொல்லியும் இரண்டையும் சேர்த்துத்தான் பார்சல் கட்டியிருக்கிறோம்.

முப்பதாம் நாள் திருப்பலி எப்போது என்று சாமியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், எல்லோரும் வரவேண்டும். இன்னொரு உதவியும் வேண்டும். அப்பா கப்பலில் எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன, தோணியில் வேலை பார்த்த காலத்துப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. தாத்தாவின் தோணியில் போனவர்கள், அவர்கள் பிள்ளைகள், யார் வீட்டுப் பழைய ஆல்பத்திலாவது அவர் ஓரமாக நின்றிருந்தாலும் பரவாயில்லை, படம் எடுத்து அனுப்புங்கள். ஒல்லியாக, சுருட்டை முடியோடு, மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக இருப்பார்.